பழைய தமிழ் வலைப்பதிவுகளை மீட்டெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தமிழில் வலைப்பதிவுகள் 2003 வாக்கில் தலையெடுத்தன. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் சென்னை, யாழ்ப்பாணம், டொராண்டோ, சிங்கப்பூர், துபாய் என்று எங்கெங்கோ இருந்தவர்கள் இரவில் கண்விழித்து எழுதிக் குவித்தார்கள். ஊர்க்கதை, போர்க்கால நினைவு, சமையல் குறிப்பு, சினிமாச் சண்டை, நிரல் எழுதும் பாடம் என்று எல்லாம் அதில் உண்டு. பெரும்பாலும் அச்சேறாதவை. வேறெங்கும் பிரதி கிடையாது.

"அதெல்லாம் போயே போச்சு" என்று எழுதியவர்களே கைவிட்டுவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, போய்விட்டதாக நினைத்த பதிவுகளில் பலவும் எங்கோ ஓர் ஆவணகத்தில் முழுசாகக் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாததால் படிக்க முடிவதில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட பதிவைத் தேடி எடுத்து, யூனிகோட் எனப்படும் இன்றைய ஒருங்குறிக்கு மாற்றி, மறுபடி வாசிக்கத் தருவதுவரை எல்லாப் படிகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுடைய பழைய பதிவாக இருக்கலாம், மறைந்துபோன அப்பாவுடையதாக இருக்கலாம். முறை ஒன்றுதான்.

படி 1: பட்டியல் போடுங்கள்

ஒரு விரிதாளைத் திறந்து, பதிவின் முகவரி, எழுதியவரின் புனைபெயர், எழுதிய ஆண்டுகள், தட்டச்சு செய்த மென்பொருள் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். கடைசித் தகவல்தான் தங்கம். முரசு அஞ்சலா, இ-கலப்பையா, பாமினி விசைப்பலகையா என்பது எழுதியவர் வாயிலிருந்தே தெரிந்துவிட்டால் நான்காம் படியில் பாதி வேலை மிச்சம். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

முகவரி மறந்துவிட்டதென்றால் அந்தக் காலத்து மின்னஞ்சல்களைத் தேடிப் பாருங்கள். கையொப்பத்துக்குக் கீழே பதிவின் சுட்டியைப் போட்டுக்கொள்வது அன்றைய வழக்கம். நண்பர்களின் பதிவுகளில் பக்கப்பட்டையில் இருக்கும் சுட்டிப் பட்டியலும் உதவும். எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி திரட்டிகள். 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் பதிவுகளின் தலைப்பு, எழுதியவர் பெயர், சுட்டி மூன்றையும் வரிசையாகத் தொகுத்துக் காட்டியது. அதன் பழைய பக்கங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணகத்தில் (படி 3) சேமிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் புரட்டினாலே காணாமல்போன பல முகவரிகள் கிடைக்கும்.

படி 2: கணக்கு இன்னும் திறக்கிறதா?

திறந்தால் இன்றைக்கே செய்துவிடுங்கள். பிளாக்ஸ்பாட் முகவரிகளைத் தரும் பிளாகர் சேவை 2003-ல் கூகுள் கைக்குப் போனது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தப்படாத கணக்கை உள்ளடக்கத்தோடு நீக்கலாம் என்று கூகுள் 2023-ல் அறிவித்தது. ஆகவே முதலில் உள்ளே நுழையுங்கள், பிறகு கூகுள் டேக்அவுட் வழியாகப் பிளாகர் தரவைப் பதிவிறக்குங்கள். இடுகைகளும் மறுமொழிகளும் 'ஆட்டம்' என்ற எக்ஸ்எம்எல் வடிவில் ஒரே கோப்பாக வந்துவிடும். அந்தக் கோப்புக்குள் படங்கள் இருக்காது, அவற்றின் சுட்டிகள் மட்டும்தான் இருக்கும். படங்களைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும்.

கடவுச்சொல் போய்விட்டது, ஆனால் பதிவு இன்னும் திறக்கிறது என்றால் அதன் ஓடையை, அதாவது இடுகைகளை மென்பொருள் வாசிக்கும் வடிவில் தொகுத்துத் தரும் ஃபீடைப் பயன்படுத்தலாம். பதிவின் முகவரிக்குப் பின்னால் ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களைச் சாய்கோடு போட்டுச் சேர்த்தால் இடுகைகள் எக்ஸ்எம்எல் வடிவில் வரும்.

படி 3: வேபேக் மெஷினில் தேடுங்கள்

பதிவே இல்லை என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவ்தான் கதி. புரூஸ்டர் கேல் 1996-ல் தொடங்கிய அமைப்பு இது. அதன் வேபேக் மெஷின் 2001-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முகவரியை இட்டால் எந்த நாளில் பிரதி எடுக்கப்பட்டது என்று நாட்காட்டியில் காட்டும்.

முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, பத்து இடுகைதான் இருக்கிறது என்று திரும்பிவிடாதீர்கள். முகவரியின் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்துத் தேடினால், அந்தத் தளத்தில் சேமிக்கப்பட்ட எல்லாப் பக்கங்களும் பட்டியலாக வரும். அதில் மாத வாரியான தொகுப்புப் பக்கங்களைத் தேடுங்கள். பிளாகரில் ஒவ்வோர் இடுகைக்கும் தனிப்பக்கம் வந்தது 2004 மே மாதத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் எழுதியவை பெரும்பாலும் மாதத் தொகுப்பிலோ வாரத் தொகுப்பிலோதான் இருக்கும்.

பிளாக்ஸ்பாட் முகவரியென்றால் இன்னொன்றும் செய்ய வேண்டும். 2012 முதல் சில ஆண்டுகள், வாசகர் இருக்கும் நாட்டைப் பொறுத்து டாட் காம் முகவரியை டாட் இன் போன்ற நாட்டு முகவரிக்குக் கூகுள் திருப்பிவிட்டது. டாட் காமில் கிடைக்காத பக்கம் டாட் இன்னில் கிடைக்கக்கூடும். இரண்டிலும் தேடுங்கள்.

வலைப்பதிவுக்கு முந்தைய தனிப்பக்கங்கள் பல ஜியோசிட்டீஸில் இருந்தன. யாகூ அதை 2009 அக்டோபர் 26-ல் மூடியது. மூடுவதற்குள் இன்டர்நெட் ஆர்க்கைவும் ஆர்க்கைவ் டீம் தன்னார்வலர்களும் அள்ளக்கூடியதை அள்ளிவைத்தார்கள். அங்கே தேடுவதற்கு முழு முகவரியும் தேவை.

பக்கம் கிடைத்ததும் எப்படிச் சேமிப்பது என்பதுதான் இந்த வேலையின் உயிர்நிலை. திரையில் தெரிவதை நகலெடுத்து வேர்டில் ஒட்டாதீர்கள். ஏன் என்பதற்குத் துல்லியமான காரணம் உண்டு. குறிமுறை என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணிடம் ஒதுக்கும் முறை. திஸ்கி என்ற பழைய குறிமுறையில் 'இ' என்ற எழுத்து 173-ஆம் இடத்தில் இருந்தது. அதே இடம் மற்ற மென்பொருள்களுக்கு, வரி உடையும்போது மட்டும் தலைகாட்டும் மறை இணைப்புக்கோடு. நகலெடுக்கும்போது அந்தக் கோடு பல நேரம் உதிர்ந்துவிடும். 'இந்த' என்பது 'ந்த' ஆகிவிடும், 'இது' என்பது 'து' ஆகிவிடும். இந்தத் தொல்லையால்தான் பின்னாளில் 'இ'-யை 254-ஆம் இடத்திலும் வைத்தார்கள். அதே குறிமுறையில் 128-க்கும் 159-க்கும் இடையில் ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகள் இருக்கின்றன. லத்தீன்-1 என்ற மேலை ஐரோப்பியக் குறிமுறையாக எடுத்துக்கொள்ளும் மென்பொருளுக்கு அந்த இடங்கள் வெறும் கட்டுப்பாட்டுக் குறிகள். அவையும் காணாமல்போகும்.

ஆகவே மூலக் கோப்பை ஒரு பைட் மாறாமல் எடுக்க வேண்டும். வேபேக் முகவரியின் நடுவில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி. அந்த எண் முடிந்த உடனே, இடைவெளி விடாமல், ஐ, டி என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அடிக்கோடும் சேர்த்து முகவரியைத் திறங்கள். மேலே வரும் ஆவணகப் பட்டை இல்லாமல், சுட்டிகள் திருத்தப்படாமல், அன்று இருந்த அதே கோப்பு வரும். உலாவியில் சேமிக்கும்போது 'முழுப் பக்கம்' வேண்டாம், 'எச்டிஎம்எல் மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறையப் பக்கங்கள் இருந்தால் டபிள்யூகெட் நிரலால் இறக்குவது நல்லது. சேமித்த கோப்புகளை 'மூலம்' என்ற கோப்புறையில் போட்டு, மாற்ற முடியாதபடி பூட்டிவிடுங்கள். இனி எல்லா வேலையும் அவற்றின் பிரதியில்தான்.

படி 4: எந்தக் குறிமுறை என்று கண்டுபிடியுங்கள்

1990-களில் தமிழ் மென்பொருள் செய்த ஒவ்வொருவரும் எழுத்துகளைத் தங்களுக்குத் தோன்றிய இடத்தில் வைத்துக்கொண்டார்கள். இதைச் சீர்செய்ய, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற இரு குறிமுறைகள் முன்வைக்கப்பட்டன. இன்னொரு பக்கம், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் இணையம் வழியாகவே விவாதித்துத் திஸ்கியை உருவாக்கினார்கள். ஒருங்குறியில் தமிழ் முன்பே இடம்பெற்றிருந்தது. ஆனால் லதா எழுத்துருவோடு விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணினியில் அது எழுந்து நடமாடியது. வீட்டிலும் பிரவுசிங் சென்டரிலும் விண்டோஸ் 98 ஓடிக்கொண்டிருந்தவரை திஸ்கிக்கும் பாமினிக்கும் வேலை இருந்தது. அதனால் ஒரே பதிவில் முதல் வருட இடுகைகள் திஸ்கியிலும் பிந்தியவை ஒருங்குறியிலும் இருப்பது சகஜம். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

எழுத்துரு இல்லாமல் திறக்கும்போது திரையில் தெரியும் கிறுக்கலே அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும்.

தலையில் இடப்பக்கம் சாய்ந்த கோடு போட்ட ஆங்கிலச் சிறிய 'ஏ', அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்'. இந்த ஜோடி வரிக்கு வரி திரும்பத் திரும்ப வந்தால் நிம்மதியாக இருங்கள். அது யுடிஎஃப்-8 ஒருங்குறியேதான். உலாவி அதைத் தவறாக வாசிக்கிறது. ஃபயர்பாக்ஸின் பார்வைப் பட்டியில் இருக்கும் 'எழுத்துக் குறிமுறையைச் சரிசெய்' என்ற வசதியைச் சொடுக்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

முக்கால் என்ற பின்னக்குறி, கோடு போட்ட பெரிய 'ஏ', சென்ட் நாணயக்குறி, கோடு போட்ட சிறிய 'யூ'. இந்த நான்கும் அதே வரிசையில் வந்தால் அது திஸ்கியில் எழுதிய 'தமிழ்' என்ற சொல். சட்டப் புத்தகத்தில் பிரிவுக்குப் போடும் சுருள்குறி பக்கம் முழுக்க இறைந்து கிடந்தால் அதுவும் திஸ்கிதான். அந்தக் குறி இருக்கும் இடத்தில்தான் இரட்டைக் கொம்பு உட்கார்ந்திருக்கிறது.

வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் மட்டும் தெரிந்தால் பாமினியைச் சந்தேகியுங்கள். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்தும் சேர்ந்து வந்தால் அது பாமினியில் 'தமிழ்'. இலங்கைத் தமிழர் பக்கங்களில் இதை நிறையக் காணலாம்.

மூன்றிலும் சேராவிட்டால் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து, எழுத்துருவின் பெயர் என்ன என்று பாருங்கள். டாப், டாம், டிஎஸ்சி என்ற முன்னொட்டு அனேகமாகப் பெயரிலேயே இருக்கும். இணைமதி, பரணர் என்ற பெயர்களோடு டிஎஸ்சியு இருந்தால் திஸ்கி. சில பத்திரிகைத் தளங்கள் தமக்கென்று தனிக் குறிமுறை வைத்திருந்தன. அவற்றுக்குத் தனி மாற்றி தேவைப்படும்.

படி 5: மாற்றுங்கள்

சில பக்கங்கள்தான் என்றால் சுரதாவின் பொங்குதமிழ் எழுத்துமாற்றியோ என்எச்எம் கன்வெர்ட்டரோ போதும். ஒரு தலைமுறையே அவற்றை நம்பித்தான் மாறியது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் என்றால் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகத்தை நாடுங்கள். அதில் திஸ்கி, பாமினி, டாப், டாம் உள்ளிட்ட பலவற்றுக்கு மாற்றிகள் இருக்கின்றன. லினக்ஸில் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஐகான்வ் கட்டளைக்கே திஸ்கி தெரியும்.

மாற்றி உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துவைத்திருந்தால் பிழை எங்கே வரும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். பழைய குறிமுறைகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமித்தவை. 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். ஒருங்குறியில் முதலில் க, அதன்பின் ஒகரக்குறி. மூன்றை இரண்டாக்கி வரிசையையும் மாற்ற வேண்டும். வரி முறிந்து கொம்பு ஒரு வரியிலும் மெய் அடுத்த வரியிலும் விழுந்திருந்தால் மாற்றி தடுமாறும். ஆகவே மாற்றுவதற்கு முன், பத்திக்குள் தேவையில்லாமல் விழுந்திருக்கும் வரிமுறிவுகளை நீக்கிவிடுங்கள்.

பாமினிப் பக்கங்களில் கூடுதல் கவனம் தேவை. திஸ்கியும் டாப்பும் ஆங்கிலத்தின் இடத்தைத் தொடவில்லை. ஆங்கிலச் சொல் கலந்திருந்தாலும் அது தப்பித்துவிடும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தது. முழுப் பக்கத்தையும் மாற்றியில் போட்டால் சுட்டிகளும் நிரல் குறிகளும் ஆங்கில மேற்கோள்களும் பொருளில்லாத தமிழாகிவிடும். எழுத்துருக் குறிக்குள் இருக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுங்கள்.

படி 6: மெய்ப்புப் பாருங்கள்

மாற்றி கொடுத்ததை அப்படியே வெளியிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் தாங்காது. எழுதியவர் ஒற்று பார்த்துப் பார்த்து எழுதியிருப்பார். மாற்றியின் பிழை அவர் பெயரில் நிற்கும்.

முதல் பிழை காலுக்குமேல் புள்ளி. 'அவர்' என்ற சொல்லில் ர்-க்குப் பதில் துணைக்காலும் புள்ளியும் வந்து உட்கார்ந்திருக்கும். பழைய எழுத்துருக்களில் ர்-உம் புள்ளி வைத்த காலும் பார்க்க ஒன்றுபோல இருந்ததால் அப்படித் தட்டியவர்கள் உண்டு. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் தேடினால் சொல் கிடைக்காது. தமிழில் காலுக்குப் பின் புள்ளி வரவே வராது. ஆகவே இதை ஒரே தட்டில் எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம்.

இரண்டாவது பிழையை அப்படி மாற்றக் கூடாது. ஔகாரக்குறியின் பின்பகுதி ள போலவே இருப்பதால் 'கௌரி' என்பது கெ, ள, ரி என்று மூன்றாகியிருக்கும். 'பௌர்ணமி', 'மௌனம்', 'வௌவால்', 'ஔவை' எல்லாம் இப்படியே உடைந்திருக்கும். எல்லா 'கெள'-வையும் 'கௌ' ஆக்கினால் கெளுத்தி மீன் மாட்டிக்கொள்ளும். எல்லா 'வெள'-வையும் மாற்றினால் வெள்ளமும் வெளியும் வெளுப்பும் நாசம். 'ஒள'-வை மாற்றினால் ஒளி அணைந்துவிடும். ஒவ்வொன்றாகத் தேடி, வாக்கியத்தைப் படித்து, கையால் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. சலிப்பான வேலைதான். இரண்டு பேராக உட்கார்ந்தால் சீக்கிரம் முடியும்.

பிறகு கோப்பை என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். தனித்தனியாக நிற்கும் கொம்பும் காலும் ஒரே ஒகரக்குறியாகச் சேர்ந்துவிடும். எழுதியவரின் எழுத்துப் பிழைகளை, பேச்சு வழக்கை, அந்தக் காலத்துச் சொற்களைத் திருத்த வேண்டாம். மாற்றியின் பிழையை நீக்குவது மட்டுமே நம் வேலை.

படி 7: மறுமொழிகளும் படங்களும்

அன்றைய பதிவுகளில் பாதிச் சுவை மறுமொழிகளில்தான். பிளாகர் தானே மறுமொழி வசதி தந்தது 2004 மே மாதத்தில். அதற்குமுன் பலர் ஹாலோஸ்கேன் சேவையை இணைத்திருந்தார்கள். அது 2010-ல் நின்றது. ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வந்த மறுமொழிகள் என்பதால் ஆவணகத்தில் சிக்குவது அபூர்வம். ஆனாலும் மறுமொழிச் சாளரத்தின் முகவரி மூல நிரலில் இருக்கும். அதைத் தனியே வேபேக்கில் தேடிப் பாருங்கள், சிலவாவது கிடைக்கும். ஃபோட்டோபக்கெட் 2017-ல் வெளித்தளங்களில் படம் காட்டுவதற்குக் கட்டணம் விதித்தபோது எத்தனையோ பதிவுகளில் படங்கள் மறைந்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பிரதியைத் திறந்தால் படம் இருக்கக்கூடும்.

படி 8: ஒலிப்பதிவுகள்

தொடக்ககால இணையத்தில் ஒலி என்றால் பெரும்பாலும் 1995-ல் வந்த ரியல்ஆடியோதான். ரேம் என்று முடியும் கோப்பு கிடைத்தால் ஒலியே கிடைத்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். அதை நோட்பேடில் திறந்தால் ஒற்றை வரியில் ஒரு முகவரி இருக்கும், அவ்வளவுதான். அந்த முகவரியில் இருந்த ஆர்எம் அல்லது ஆர்ஏ கோப்புதான் வேண்டியது. அதை வேபேக்கில் தேடுங்கள். பழைய சிடிக்களிலும் தேடுங்கள். கிடைத்தால் விஎல்சி-யில் ஓடும். எஃப்எஃப்எம்பெக் கொண்டு ஃபிளாக் வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பாட்காஸ்ட் என்றால் ஓடையைத் தேடுங்கள். 2000-ஆம் ஆண்டு இறுதியில் டேவ் வைனர் ஆர்எஸ்எஸ் ஓடையில் 'என்குளோசர்' என்ற குறியைச் சேர்த்தார். ஒலிக்கோப்பின் முகவரியைச் சுமக்கும் குறி அது. பாட்காஸ்டிங் முழுக்க அதன்மேல்தான் எழுந்தது. ஓடையின் பழைய பிரதி கிடைத்தால் எல்லா நிகழ்ச்சிகளின் கோப்பு முகவரியும் வரிசையாகக் கிடைக்கும். எம்பி3 கிடைத்தால் அதை மறுபடி எம்பி3-யாக மாற்றாதீர்கள், தரம் குறையும். உள்ளே இருக்கும் தலைப்புக் குறிப்புகள் அறுந்து தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்தக் குறிப்புகளைச் சேமிக்கும் ஐடி3 முறையின் முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்தான். யுடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் போனால் பத்துக் குறிகளோடு சரி.

படி 9: அனுமதியும் வெளியீடும்

இந்தியச் சட்டப்படி, பெயர் தெரிந்த எழுத்தாளரின் எழுத்துக்கு அவர் வாழ்நாளும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. இணையத்தில் இலவசமாகக் கிடந்தது என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. எழுதியவரிடமோ வாரிசுகளிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒரு மின்னஞ்சல் போதும். மறுமொழிகள் மறுமொழி எழுதியவர்களுக்குச் சொந்தம். புனைபெயரில் எழுதியவரின் இயற்பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் வெளியிடாதீர்கள். அந்த மறைவை நம்பித்தான் அவர் மனம்விட்டு எழுதினார்.

வெளியிடும்போது தரவுத்தளம் தேவைப்படாத எளிய எச்டிஎம்எல் பக்கங்களாகச் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் எழுதப்பட்ட தேதியும் பழைய முகவரியும் இருக்கட்டும். பழைய முகவரியை வைத்துத் தேடிவருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுதியவர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்குச் சம்மதித்தால், வலைப்பதிவுகளை மின்னூலாக்கி வரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தன்னார்வலர்களை அணுகலாம். ஈழத்து எழுத்தென்றால் 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டத்தை அணுகிப் பாருங்கள்.

கடைசியாக, மூலக் கோப்புகளையும் மாற்றிய கோப்புகளையும் சேர்த்து இன்டர்நெட் ஆர்க்கைவில் ஓர் உருப்படியாகப் பதிவேற்றுங்கள். அதோடு ஓர் எளிய உரைக்கோப்பும் வையுங்கள். எந்த முகவரியில் இருந்து எந்தத் தேதிப் பிரதி எடுக்கப்பட்டது, மூலம் எந்தக் குறிமுறையில் இருந்தது, எந்த மாற்றி பயன்பட்டது, கையால் எவற்றைத் திருத்தினீர்கள், எந்த இடுகைகள் கிடைக்கவே இல்லை என்று அதில் எழுதுங்கள். கிடைக்காதவற்றின் தலைப்புகளையும் விடாமல் எழுதுங்கள். உங்களிடம் இல்லாத இடுகையை யாரோ ஒருவர் அந்நாளில் அச்செடுத்து வைத்திருக்கலாம். தலைப்பைப் பார்த்தால்தான் அவர் உங்களுக்கு எழுதுவார்.